ஆடுகளமும் போர்க்களமும் – 9: வராத இரண்டு அணிகள்

சென்ற வாரம் உதைபந்தாட்டத்தில் நிறுத்தியிருந்தோம். 1995 ஏப்ரல் 2, கொழும்பு சுகததாச மைதானம். தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டம். மேலதிக நேரத்தில் விழுந்த ஒரே ஒரு கோலில் இந்தியாவைச் சாய்த்து இலங்கை கிண்ணத்தைத் தூக்கியது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அந்தக் கிண்ணம் இலங்கைக்கு வாய்த்ததில்லை.

போட்டி குழப்பமில்லாமல் முடிந்ததற்குக் காரணம் இருந்தது. சந்திரிகா அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே ஜனவரி 8 முதல் போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது. கோல் விழுந்து 17ஆம் நாள் அதுவும் போயிற்று. ஏப்ரல் 19 திருகோணமலைத் துறைமுகத்தில் ‘சூரயா’, ‘ரணசுரு’ என்ற இரு கடற்படைப் படகுகள் தகர்க்கப்பட்டன. மூன்றாம் ஈழப்போர் தொடங்கிவிட்டது.

அடுத்த வருடம் வந்த போட்டிக்கு அந்தப் 17 நாள் அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

உதைபந்தாட்டத்தை விட்டுக் கிரிக்கெட்டுக்குத் தாவுகிறானே என்று நாவாந்துறையாரும் பாசையூராரும் குருநகராரும் கோபிக்கக் கூடாது. எங்கள் கரையோரத்தின் முதற்காதல் எதுவென்று எனக்கும் தெரியும். ஆனால் சர்வதேசப் போட்டி ஒன்றைப் போர் வந்து குலைத்த கதையைச் சொல்வதென்றால் 1996 உலகக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கிரிக்கெட் நூல்களில் அந்தக் கதை கொழும்பில் தொடங்கும். உண்மையில் அது தொடங்கியது வலிகாமத்தில்.

* * *

செம்மணி வெளியில் ஓர் இரவு

1995 ஒக்டோபர் 17. ‘ரிவிரெச’, அதாவது சூரியக்கதிர், என்று பெயர் வைத்து இராணுவம் வலிகாமத்துக்குள் இறங்கியது. மூன்று நாள் கழித்துக் கொழும்புக்கு அருகே கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் எரிபொருள் தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. வடக்கே ஓர் அடி விழுந்தால் தெற்கே ஓர் அடி. அந்த மாதங்களின் கணக்கு அப்படித்தான் ஓடியது.

ஒக்டோபர் 30. ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஊர் ஊராக ஓடின. இராணுவம் வருகிறது, எல்லோரும் வெளியேறித் தென்மராட்சிக்குப் போங்கள் என்பது அறிவிப்பு.

போக வழி எது? செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலம், கோப்பாய்ப் பக்கத்தால் கைதடிப் பாலம். இவ்வளவுதான். இந்த இரண்டு பாலங்களை நோக்கி 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் ஒரே இரவில் நகரத் தொடங்கியது. நல்ல மழை. சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, ஹான்டிலில் தொங்கும் வாளிக்குள் சட்டி பானை. ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது. முன்னால் நிற்பவர் ஓரடி வைத்தால்தான் பின்னால் நிற்பவர் ஓரடி வைக்கலாம். அரைமணி நேரத்தில் சைக்கிளில் போகிற தூரத்துக்கு விடியும்வரை நின்றவர்கள் உண்டு.

டிசெம்பர் 5இல் யாழ்ப்பாணத்தில் சிங்கக்கொடி ஏறியது. பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்தை வெற்றிச் செய்தியைச் சுருளில் எழுதி, பழைய அரசர் காலத்துப் பாணியில் ஜனாதிபதியிடம் கையளித்தார். கைப்பற்றிய நகரத்தில் ஆட்கள் இல்லை. முற்றவெளியில் பந்து உருட்ட ஒரு பொடியன் இல்லை.

கொழும்பில் பட்டாசு. கொடிகாமத்தில் கூடாரம்.

நகரத்தை இழந்தவர்கள் அதற்கான பதிலை எங்கே, எப்போது கொடுப்பார்கள் என்பதுதான் அந்த மார்கழியில் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. அந்தக் கேள்விக்கும் ஒரு விளையாட்டுப் போட்டிக்கும் தொடர்பு வரும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

* * *

மெல்பேர்ணில் ஏழு தடவை

அதே மார்கழியில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவில் இருந்தது. தொட்டதெல்லாம் வில்லங்கமான பயணம். முதல் டெஸ்டிலேயே பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பிறகு சர்வதேசக் கிரிக்கெட் சபை அதைக் கைவிட்டது. ஆனால் சேறு பூசியாயிற்று.

டிசெம்பர் 26, மெல்பேர்ண். நடுவர் டரல் ஹேர் பந்துவீசும் முனையில் நின்றுகொண்டு கை நீட்டினார்: நோ போல். முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்பது அவர் தீர்ப்பு. மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒரு தடவையும் கை நீட்டவில்லை. ஒரே ஆள், ஒரே கை, ஒரே ஆட்டம், இரண்டு தீர்ப்பு.

பத்து நாளில் பிரிஸ்பேனில் இன்னொரு நடுவர், ரொஸ் எமர்சன், அதையே திரும்பச் செய்தார்.

முரளி அப்போது 23 வயதுப் பையன். கண்டி பிஸ்கட் தொழிற்சாலைக்காரரின் மகன். அணியில் இருந்த தமிழர். யாழ்ப்பாணத்துக்கு எதிராக ஒரு படை நடவடிக்கை நடந்து முடிந்த கையோடு வந்த அந்த வாரங்களில், சிங்களக் கிராமங்கள் ஒரு தமிழனுக்காக வெள்ளைக்கார நடுவரைத் திட்டித் தீர்த்தன. இதை முரண் என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது எளிது. எனக்கு அது முரணாகப் படவில்லை. சனங்களின் பாசம் அரசியல்வாதிகளின் வரைபடத்தைப் பார்த்துப் பாய்வதில்லை. அதே பாசம் செம்மணிவரை நீளவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1996 ஜனவரி 20. சிட்னியில் முக்கோணத் தொடரின் இரண்டாவது இறுதியாட்டத்தில் இலங்கை தோற்றது. ஆட்டம் முடிந்ததும் மார்க் டெய்லரின் ஆட்கள் கை கொடுக்க வந்தபோது இலங்கை வீரர்கள் கை கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

உலகக் கிண்ண அட்டவணையில் இந்த இரு அணிகளும் மறுபடி சந்திக்கும் நாள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது: பெப்ரவரி 17, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானம். அவுஸ்திரேலிய வீரர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வரத் தொடங்கின.

* * *

ஜனவரி 31, புதன்கிழமை

கொழும்புக் கோட்டை, ஜனாதிபதி மாவத்தை. முற்பகல் பதினொரு மணிக்குச் சற்று முன். அலுவலகங்கள் நிறைந்திருக்கும் நேரம்.

வெடிமருந்து ஏற்றிய லொறி ஒன்று மத்திய வங்கியின் வாசலை நோக்கி வந்தது. பின்னால் ஒரு முச்சக்கர வண்டி. அதில் வந்தவர்கள் காவலர்கள் மீது சுட்டு வழி திறந்தார்கள். லொறி வாசலில் மோதி வெடித்தது. உள்ளே ஏறக்குறைய 200 கிலோ வெடிமருந்து.

91 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 1,400 பேர். அவர்களில் 100 பேருக்கு மேல் பார்வை இழந்தார்கள். சத்தம் கேட்டு என்னவென்று பார்க்க ஜன்னலோரம் ஓடிவந்தவர்களின் முகத்தில் அடுத்த கணம் கண்ணாடி. வங்கியில் வேலை செய்தவர்களும், கடிதம் கொண்டுபோன பியோன்களும், தெருவில் லொத்தர் விற்றவர்களும் என்று எந்த இனமென்று பாராமல் அந்தக் கண்ணாடி வெட்டியது.

விடுதலைப் புலிகளின் தாக்குதல் அது. யாழ்ப்பாணம் போனதற்குக் கொழும்பில் வாங்கிய விலை என்று அன்றைக்கே எல்லோரும் படித்துக்கொண்டார்கள். நாட்டின் பொருளாதாரத்தின் நெஞ்சைக் குறிவைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. நோக்கம் எதுவானாலும் செத்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள்.

அன்றிரவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டை லொட்ஜுகளிலும் தமிழர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் தலையணைக்கருகில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர் என்றால் விசாரணை, விசாரணை என்றால் எத்தனை நாள் என்று தெரியாது.

உலகக் கிண்ணம் தொடங்க இரண்டு கிழமை மிச்சம். காலிமுகத்திடல் ஓரத்துப் பெரிய ஹோட்டல்கள் அந்த வங்கியிலிருந்து நடந்து போகிற தூரம்.

* * *

முன்கதை கொஞ்சம்

குண்டுக்குப் பயந்து கிரிக்கெட் அணி திரும்பிப் போவது இலங்கைக்குப் புதிதல்ல. 1986இல் இந்தியா ஆசியக் கிண்ணத்துக்கு வரவேயில்லை. அது குண்டுப் பயமல்ல, தமிழர் பிரச்சினையில் இரு அரசுகளுக்கும் இருந்த கசப்பு. 1987 ஏப்ரலில் நியூசிலாந்து வந்திருந்தது. முதல் டெஸ்டில் பிரண்டன் குருப்பு என்ற புதுமுகம் ஆட்டமிழக்காமல் 201 ஓட்டங்கள் அடித்தார். அந்த டெஸ்ட் முடிந்த நாளில்தான் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நியூசிலாந்து மூட்டை கட்டியது. அதன்பின் ஐந்து வருடங்களுக்கு மேல் இலங்கை மண்ணில் ஒரு டெஸ்ட் கூட நடக்கவில்லை.

அந்தத் தவத்தை முடித்துவைத்தது எந்த அணி என்று நினைக்கிறீர்கள்? அவுஸ்திரேலியா. 1992 ஓகஸ்டில் அலன் போர்டரின் தலைமையில் வந்தார்கள். அப்போதும் போர் நடந்துகொண்டுதான் இருந்தது. இளம் ஷேன் வோர்ன் கடைசி விக்கெட்டுகளை உருட்டிவிட, தோற்க வேண்டிய ஆட்டத்தை 16 ஓட்டங்களால் வென்றுகொண்டு போனார்கள்.

அதே வருடம் நவம்பரில் மறுபடி நியூசிலாந்து. மறுபடி குண்டு. கடற்படைத் தளபதி கிளான்சி பெர்னாண்டோ, அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கு அருகே தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். சில வீரர்களும் பயிற்றுநரும் ஊர் திரும்ப, மற்றவர்கள் தங்கி ஆடி முடித்தார்கள்.

ஆகவே 1996இல் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபைக்கு முன்னே இரண்டு முன்மாதிரிகளும் இருந்தன, போனவர்களும் இருந்தவர்களும்.

* * *

வரமாட்டோம்

பெப்ரவரி முதல் வாரத்தில் அவுஸ்திரேலியா முடிவைச் சொன்னது. கொழும்புக்கு வரமாட்டோம். ஆட்டத்தை இந்தியாவில் வைத்தால் ஆடுவோம். தொடர்ந்து மேற்கிந்தியத் தீவுகளும் அதையே சொன்னது. அவர்களுக்கு பெப்ரவரி 25இல் அதே பிரேமதாச மைதானத்தில் ஆட்டம்.

இலங்கை அரசு தன்னால் முடிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தது. நாட்டுத் தலைவர்களுக்குக் கொடுக்கிற பாதுகாப்பைக் கொடுப்போம் என்றது. சர்வதேசக் கிரிக்கெட் சபை பாதுகாப்பு ஏற்பாடுகளில் திருப்தி என்றது. தொடக்க விழாவை ஒட்டிக் கல்கத்தாவில் கூடிய அவசரக் கூட்டம் இருவரையும் அசைக்க முடியாமல் கலைந்தது. அப்போது சர்வதேசச் சபையின் தலைவர் சேர் கிளைட் வோல்கொட். பார்படோஸ்காரர், மேற்கிந்தியத் துடுப்பாட்டத்தின் பெருந்தலை. அவர் தலைமை வகித்த சபை போகலாம் என்கிறது, அவர் பிறந்த மண்ணின் அணி போகமாட்டேன் என்கிறது.

ஆட்டத்தை இந்தியாவுக்கு மாற்றியிருக்கலாமே என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. இடம் மாற்றினால், ஒரு குண்டு வெடித்தால் போட்டி நகரும் என்ற விதியை எழுதிக் கொடுத்ததாகிவிடும். இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் சேர்ந்து 1993இல் இங்கிலாந்தோடு மல்லுக்கட்டி வாங்கிய கிண்ணம் அது. மூன்று நாட்டுக் கூட்டு ஏற்பாட்டுக் குழுவை ஓட்டிக்கொண்டிருந்தவர் கல்கத்தாவின் ஜக்மோகன் டால்மியா. விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. வராவிட்டால் புள்ளிகள் போகும், அவ்வளவுதான் என்று முடிந்தது.

அவுஸ்திரேலியர்கள் கோழைகள் என்று அன்று தெற்கு முழுக்கச் சொன்னது. 91 பேர் செத்த இடத்துக்கு இரண்டு கிழமையில் என் பிள்ளையை அனுப்பு என்றால் நானும் யோசிப்பேன். ஆனால் மெல்பேர்ணும் சிட்னியும் நடக்காதிருந்தால் அந்த முடிவு அவ்வளவு வேகமாக வந்திருக்காது என்பது என் எண்ணம். மிரட்டல் கடிதங்களும் மறுக்கப்பட்ட கைகுலுக்கலும் குண்டோடு சேர்ந்தே எடை போடப்பட்டன. மேற்கிந்தியருக்கு அப்படியொரு பகை இருந்ததில்லை. அவர்களுடைய முடிவுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

சிம்பாப்வேயும் கென்யாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. வருகிறோம் என்றார்கள். வந்தார்கள்.

* * *

மானிப்பாய் வேர் கொண்ட அமைச்சர்

இந்தச் சண்டையில் இலங்கைக்காக உலக அரங்கில் வாதாடியவர் வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர். கொழும்பில் பிறந்தவர், மானிப்பாயில் வேர். கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய கிரிக்கெட் தலைவர்.

கொழும்பில் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாதே என்று அவுஸ்திரேலியப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. கடைக்குப் போவதெல்லாம் ஆண்பிள்ளைகள் பார்க்கிற வேலையா என்று கேலியாகப் பதில் சொன்னார் கதிர்காமர். அவுஸ்திரேலியா கொதித்தது. நீங்கள் கிரிக்கெட் ஆடியதுண்டா என்று ஒரு தொலைக்காட்சிக்காரர் கேட்டபோது, நீ பிறக்கும் முன்பே, தலைக்கவசமும் இல்லாமல், கல்லும் குழியும் நிறைந்த பாய்விரித்த ஆடுகளத்தில் ஆடியவன் என்று அதற்கும் ஒரு வெட்டு. கடைசியில் அவுஸ்திரேலிய வெளிநாட்டமைச்சர் கரெத் எவன்ஸ் தொலைபேசியில் அழைக்க, இருவரும் பேசித் தணித்தார்கள். இந்தக் கதையைக் கதிர்காமரே பின்னாளில் லண்டனில் ஒரு விருந்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். 2005 ஓகஸ்டில் கொழும்பில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இடப்பெயர்வின் ஈரம் காயாத தென்மராட்சியில் கதிர்காமர் என்ற பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் வரலாறு எழுதுகிறவன் ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும். அவுஸ்திரேலியாவில் அவமானப்பட்ட பந்துவீச்சாளர் தமிழர். மத்திய வங்கிக்கு லொறி அனுப்பிய இயக்கம் தமிழருடையது. அந்த லொறியால் குலைந்த போட்டியை மீட்க நின்ற அமைச்சரும் தமிழர். இந்த நாட்டின் சண்டையைச் சிங்களவர் ஒரு கரை, தமிழர் மறு கரை என்று கோடு கிழித்து எழுதுகிறவர்களை இந்த மூன்று வாரங்கள் திணறடிக்கும்.

* * *

ஒரு நாள் அணி

பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. கிண்ணத்தின் முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள்.

கொழும்பில் வந்து இறங்கியது உலகம் அதுவரை காணாத ஓர் அணி. இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்த ஒரே அணி. காஷ்மீரால் இரண்டு நாடுகளும் முகம் கொடுத்துப் பேசாத காலம். 1989க்குப் பிறகு ஒருவர் மண்ணில் ஒருவர் டெஸ்ட் ஆடியதில்லை. அப்படிப்பட்டவர்கள் மூன்றாவது வீட்டுக்காரனுக்காக ஒரே உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தலைவர் அசாருதீன். டெண்டுல்கரும் சயீத் அன்வரும் ஒரே பக்கம். வசீம் அக்ரமும் வக்கார் யூனிசும் கும்ப்ளேயும் ஒரே பக்கம்.

உலகக் கிண்ணம் கழுத்தளவுக்கு வந்துவிட்ட நேரத்தில், காயம் பட்டால் போச்சு என்ற நிலையில், தங்கள் முதல்தர ஆட்களையே அனுப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெயருக்கு ஒரு பதினொருவரைத் திரட்டி அனுப்பியிருக்கலாம். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மத்திய வங்கியின் கரிந்த சுவர் நின்ற இடத்திலிருந்து சில கிலோமீற்றரில் பிரேமதாச மைதானம். ஆளுக்கு 40 ஓவர் ஆட்டம். ஸ்கோர் அட்டையில் ஒரு வரி: கலுவிதாரண, பிடி டெண்டுல்கர், பந்து வசீம் அக்ரம். இந்தியா–பாகிஸ்தான் வரலாற்றில் அப்படியொரு வரியை அதற்குமுன் எந்த உலகக் கிண்ணப் பருவமும் எழுதியதில்லை. இலங்கை 9 விக்கெட்டுக்கு 168. விருந்தினர் 6 விக்கெட்டுக்கு 171. இலங்கை தோற்றது. யாருக்கும் கவலையில்லை. ஆடுகளத்துக்குள் போய் ஒவ்வொரு வீரரையும் கண்டு நன்றி சொன்னார் கதிர்காமர்.

நாலு கிழமைக்குள், மார்ச் 9இல், இதே இந்தியரும் பாகிஸ்தானியரும் பெங்களூரில் காலிறுதியில் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

* * *

ஆடாமல் கிடைத்த நான்கு

பெப்ரவரி 17 வந்தது. அவுஸ்திரேலியா வரவில்லை. இலங்கைக்கு 2 புள்ளி.

பெப்ரவரி 21இல் சிம்பாப்வே எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இறங்கி ஆடித் தோற்றது. பெப்ரவரி 25இல் மேற்கிந்தியர் வரவில்லை. இன்னும் 2 புள்ளி. ஒரு பந்துகூட வீசாமல் நான்கு புள்ளி. ஆறு அணிகள் கொண்ட பிரிவில் நான்கு அணிகள் காலிறுதிக்குப் போகும் ஏற்பாடு. இலங்கை பாதி வழியைப் படுத்துக்கொண்டே கடந்துவிட்டது.

அதிர்ஷ்டத்தில் வென்ற கிண்ணம் என்று பிற்காலத்தில் மூக்கைச் சுழித்தவர்கள் இந்த நான்கு புள்ளியைத்தான் காட்டுவார்கள். அவர்கள் டெல்லியை மறந்துவிடுகிறார்கள். மார்ச் 2, பிரோஸ் ஷா கோட்லா. டெண்டுல்கர் 137 அடித்து இந்தியா 271 சேர்த்தது. ஜயசூரியவும் கலுவிதாரணவும் முதல் ஓவர்களிலேயே பந்துவீச்சைச் சிதறடித்து இலங்கையை வெற்றிக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்துக் கண்டி அஸ்கிரியவில் கென்யாவுக்கு எதிராக 5 விக்கெட்டுக்கு 398. ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை எந்த நாடும் தொடாத எண்ணிக்கை.

வராமல் விட்டவர்களில் மேற்கிந்தியருக்குத்தான் கூலி உடனே கிடைத்தது. பெப்ரவரி 29, பூனே. முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்கு வந்த கென்யா 166 ஓட்டங்களுக்குள் சுருண்டது. பிறகு லாராவும் ரிச்சர்ட்சனும் இருந்த அணியை 93இல் சுருட்டியது. கொழும்புக்குப் போகப் பயப்படாத சின்ன அணியிடம், பயந்த பெரிய அணி தோற்றது. கொழும்பில் விட்ட 2 புள்ளி அன்றைக்குத்தான் உறைத்திருக்கும். அவுஸ்திரேலியாவை ஜெய்ப்பூரில் வென்றதால் தலை தப்பியது.

* * *

டைனமோ வெளிச்சத்தில்

இதெல்லாம் நடந்தபோது குடாநாட்டுச் சனம் என்ன செய்துகொண்டிருந்தது?

பெரும்பகுதி தென்மராட்சியில். சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில். பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தென்னங்காணிகளில் போட்ட கொட்டில்களிலும். இன்னொரு பகுதி கிளாலியால் கடல்நீரேரி கடந்து வன்னிக்குப் போயிருந்தது. 1990 நடுப்பகுதியிலிருந்து மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்த பொருள். மண்ணெண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கே தட்டுப்பாடு.

ஆனாலும் வானொலி கேட்கத் தெரிந்திருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார்கள். டைனமோவைச் சில்லோடு அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயரை வானொலிப் பெட்டியின் பற்றரி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒருவர் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் இரைச்சல். குறைந்தால் குரல் தேய்ந்து மறையும். சுற்றுகிறவர் ஆள் மாறும் இடைவெளியில் ஒரு விக்கெட் விழுந்துவிட்டால் யார் போனது என்று அடுத்த ஓவர் முடியும்வரை தெரியாது. முதலில் செய்தி கேட்பார்கள், எந்த முகாமிலிருந்து எந்தப் பக்கம் படை நகர்கிறது என்று. பிறகுதான் ஸ்கோர்.

யாருக்காகக் கை தட்டுவது என்பது அங்கே லேசான கேள்வியல்ல. சிலர் இந்தியாவுக்கு. சிலர் அவுஸ்திரேலியாவுக்கு, இலங்கைக்கு எதிராக யார் நின்றாலும் அவர்களுக்கு. முரளி பந்துவீச வந்தால் மட்டும் பேசாமல் காது கொடுத்தவர்களும் இருந்தார்கள். விளையாட்டு வேறு அரசியல் வேறு என்று பேசுவதற்கு உடைந்துபோகாத ஒரு கூரை வேண்டும். அது அப்போது எங்கள் சனத்திடம் இருக்கவில்லை.

* * *

மார்ச் 9, பைசலாபாத். ஜயசூரிய 44 பந்தில் 82 அடித்து இங்கிலாந்தை ஊருக்கு அனுப்பினார். அரையிறுதியில் இலங்கைக்கு எதிரே இந்தியா. இடம் கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். நாள் மார்ச் 13.

கணக்குப் பார்த்தால் இப்படி. பாதுகாப்பில்லை என்று சொல்லப்பட்ட இலங்கையில் நடக்க வேண்டியவை நான்கு ஆட்டங்கள். இரண்டு நடக்கவில்லை. நடந்த இரண்டும் குழப்பமின்றி முடிந்தன. பாதுகாப்பானது என்று அவுஸ்திரேலியா கேட்டுக்கொண்ட நாடு இந்தியா.

அந்தப் புதன்கிழமை இரவு ஈடன் கார்டன்ஸில் ஒரு லட்சம் பேர். இந்தியா 8 விக்கெட்டுக்கு 120. ஆட்ட மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் வீரர்களை மைதானத்திலிருந்து வெளியே அழைத்தார். குண்டு வெடிக்கவில்லை. போர் எதுவும் நடக்கவில்லை. காலரியில் தீ எரிந்துகொண்டிருந்தது.

கொழும்புக்குப் பயந்த கிண்ணம் கல்கத்தாவில் யாரைக் கண்டு பயந்தது? ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் இறங்குமுன், இறுதியாட்டம் நடக்கவிருந்த லாகூரிலிருந்து ஒரு கிண்ணம் கொழும்புக்கு வந்து சேருமா?

(தொடரும்)